பெரியம்மாவின் நோட்டும் நீலகிரி மழையும்

அக்டோபர் 18, வெள்ளி: மேட்டுப்பாளையம் – கோத்தகிரி

டிக்கெட் வாங்கிய கையோடு பெரியம்மா கண்டக்டரிடம் அவர் பெயரைக் கேட்டார். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது.

"எதுக்குங்கம்மா? கம்ப்ளெயின்ட் எழுதப் போறீங்களா?"

"ச்சே ச்சே, ஜெபத்துல சொல்லுததுக்குப்பா."

சில்லறைப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பெயரைச் சொன்னார். முன் சீட்டு வரைக்கும் டிக்கெட் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், கணக்குதான் வரமாட்டேன் என்கிறது என்று அதையும் சேர்த்துச் சொன்னார். பெரியம்மா பையைத் திறந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

இந்த நோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நீள நோட்டு. மேல் அட்டைக்கு ரப்பர் பேண்ட். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அடுத்து இரண்டு மூன்று வார்த்தையில் காரியம், ஓரத்தில் தேதி. காரியம் கைகூடினால் சிவப்பு மையில் ஒரு 'டிக்'. ஆள் இறந்துபோனால் பெயரை அடிப்பதில்லை. பெயரின் அடியில் கோடு மட்டும் போட்டு, கீழே அந்தக் குடும்பத்தில் இருப்பவரின் பெயரை எழுதுவார். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தவர். காலை ஜெபத்தில் அந்தப் பெயர்களை அவர் வாசிப்பதைக் கேட்டால் வகுப்பில் வருகைப் பதிவேடு எடுப்பது மாதிரியே இருக்கும். 'உள்ளேன் ஐயா' மட்டும்தான் கேட்காது.

அவரிடம் படித்த ஒருவர் இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு சபையில் ஆயராக இருக்கிறார். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு டீச்சர் வந்தே ஆகவேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். எழுபது தாண்டியவரைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் மதுரையிலிருந்து நான் துணை. அது வெளியே சொன்ன காரணம். வேலை விஷயமாக ஒரே விண்ணப்பத்தைப் பல மாதமாகக் கேட்டுக் கேட்டு, முழங்கால் போட்டால் தூக்கம்தான் வருகிறது என்கிற நிலையில் இருந்தேன். மலைக்குப் போனால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள்.

குஞ்சப்பனை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அரவேனு வருவதற்கு முன் வண்டி நின்றது. முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள். வளைவில் ஒரு மரம் சாய்ந்து மண்ணோடு ரோட்டில் கிடந்தது. ஒன்றரை மணி நேரம். எங்கள் ஜன்னல் ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கவில்லை. சாரல் முழுக்க மடியில். பக்கத்து சீட்டு அம்மா தன் பிளாஸ்டிக் சாக்கை எடுத்து ஜன்னலில் செருகிவிட்டு, வேகவைத்த கடலையை எங்கள் கையில் கொட்டினார். டான்டீ என்கிற அரசு தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்மா அப்பா 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். "அங்கயும் தேயிலை, இங்கயும் தேயிலை, குளிரும் ஒண்ணுதான்" என்றார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மாதத்துக்கு ஒருமுறை பேசுவான். நோட்டில் அடுத்த வரி அவருக்கு.

வண்டியில் எல்லோரும் எரிச்சலில் இருக்க, ஒருவர் மட்டும் இறங்கிப் போய் மரம் அறுப்பவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பெயரைக் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பெரியம்மாவுக்கு அதில் வருத்தம். "குடைக்காரத் தம்பி" என்று எழுதினார்.

விடுதியில் அறைக்கு 1,200 ரூபாய். கரண்ட் இல்லை. வெந்நீர் வாளிக்கு 40. அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் பெரியம்மா பையைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். நோட்டு ஊறிப்போயிருந்தது.

அக்டோபர் 19, சனி: கோத்தகிரி

காலையிலும் கரண்ட் வரவில்லை. சமையல் செய்யும் அம்மா கேஸ் இருந்தும் விறகடுப்பில்தான் வெந்நீர் போடுகிறார். அந்த அடுப்படியில் மணைக்கட்டை போட்டு உட்கார்ந்து நோட்டைக் காயவைத்தோம். முதலில் ரப்பர் பேண்டைக் கழற்றி, அட்டையைப் பிரித்து, ஒட்டிக்கொண்ட தாள்களை ஊசியின் பின்புறத்தால் மெல்லத் தூக்கிப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு தாளையும் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிக்கவேண்டும். கிட்டே போனால் ஓரம் சுருங்குகிறது. தள்ளிப் போனால் காயவில்லை. பால்பாயின்ட் பேனாவில் எழுதியது நின்றுவிட்டது. ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலமாகக் கலங்கிப் போயிருந்தது. சிவப்பு டிக்குகள் எதிர்ப்பக்கத்தில் ரோஜா நிறத்தில் பதிந்திருந்தன. பாதிப் பேருக்குக் காரியம் கைகூடிவிட்டது போல் ஒரு தோற்றம்!

பெயர்கள் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. பெரியம்மாவின் முதல் சட்டமே அதுதான். கடவுளிடம் சொன்னதை ஊரில் சொல்லக்கூடாது. ஆனால் காரியங்களைச் சொல்லலாம். 'கடன்.' 'குடி.' 'பிள்ளை இல்லை.' 'சிறுநீரகம், வாரம் இரண்டு முறை.' 'வீட்டு ஓனர்.' 'அண்ணன் தம்பி பேச்சில்லை.' 'பயம்.' ஒரு வரியில் 'மாமியார்' என்று மட்டும் இருந்தது. மாமியாருக்காகவா, மாமியாரிடமிருந்து விடுதலைக்காகவா என்று கேட்டேன். "ரெண்டுக்கும்தாண்டி" என்றார்.

என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன், மறைப்பானேன். இல்லை. குடும்பத்துக்குத் தனி நோட்டாம். அது வீட்டில் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

"இத்தனை பேருக்குச் சொன்னா நமக்குக் கேக்கதுக்கு நேரம் எங்க பெரியம்மா?"

"யோபுக்கு எப்ப விடிஞ்சுது? வேதத்துல பாரு."

யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரம். புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து அத்தனை அதிகாரம் தனக்காக வாதாடியவனுக்கு நிலைமை மாறியது, குத்திப் பேசிய அதே சிநேகிதர்களுக்காக அவன் வேண்டிக்கொண்டபோது. நூறு முறை வாசித்திருப்பேன். ஆடுகளும் ஒட்டகங்களும் இரட்டிப்பான கணக்குதான் நினைவில் இருந்தது. இந்த வரி நின்றதில்லை.

பெரியம்மாவுக்கு வேதத்தில் பிடித்த பகுதிகளே தனி ரகம். யாரும் வாசிக்காமல் தாண்டும் ரோமர் 16-ஆம் அதிகாரம் அவருக்கு உயிர். பவுல் ரோமாபுரி சபைக்குக் கடிதமாக அவ்வளவு பெரிய உபதேசத்தை எழுதிவிட்டு, கடைசியில் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். ரூபுவின் அம்மாவைத் தனக்கும் அம்மா என்கிறார். பவுல் சொல்லச் சொல்லக் கடிதத்தை எழுதின தெர்தியு என்பவன், நடுவில் தானும் ஒரு வாழ்த்தைச் செருகிவிடுகிறான். "எழுதுத பயலுக்கும் வேதத்துல ஒரு வரி கிடைச்சுட்டு பாத்தியா" என்று பெரியம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் யாத்திராகமத்தில் பிரதான ஆசாரியன் ஆரோனின் மார்ப்பதக்கம். பன்னிரண்டு கற்களில் பன்னிரண்டு கோத்திரத்தின் பெயரைச் செதுக்கி, அதை நெஞ்சில் மாட்டிக்கொண்டுதான் அவர் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகவேண்டும். வெறுங்கையோடு தனியாக உள்ளே போகிற வழக்கமே இல்லை என்பது பெரியம்மா கட்சி.

படிக்கவே முடியாமல் கலங்கிப்போன வரிகள் ஏழெட்டு இருந்தன. பாதியை ஞாபகத்திலிருந்து சொல்லிவிட்டார். மீதிக்கு, வரி எண்ணைச் சொல்லி ஜெபித்தார். "பதினாலாம் பக்கம் மேலருந்து ரெண்டாவது ஆளு, ஆண்டவரே." அடுப்படி அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மதியம் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். படுகர் வீட்டுப் பக்குவம் என்றார் அந்த அம்மா. புளி குறைவு, மிளகு தூக்கல். களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று பாடம் எடுத்தார். பெரியம்மா மென்றுதான் சாப்பிட்டார். சாயங்காலம் மழை விட்ட அரைமணியில் பஜாரில் டீயும் வர்க்கியும். சூடான வர்க்கி வெளியே நொறுங்கி உள்ளே அடுக்கு அடுக்காக வருகிறது. டீயில் முக்கினால் முதல் கடியிலேயே உடைந்து டம்ளரில் விழுந்துவிடும், உஷார். டீ 15 ரூபாய், கால் கிலோ வர்க்கி 60.

அக்டோபர் 20, ஞாயிறு: அறுப்பின் பண்டிகை

எங்கள் ஊர்ப் பக்கம் அறுப்பின் பண்டிகை என்றால் வாழைத்தார், நெல், தேங்காய், சேவல், கருப்பட்டி. இங்கே பீடத்தைச் சுற்றிக் கேரட், பீட்ரூட், நூல்கோல், முள்ளங்கி, தலையணை அளவுக்கு முட்டைக்கோஸ். தூண்களில் தேயிலைக் கொழுந்துக் கொத்து. மண் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் கலந்து ஆலயம் முழுக்க. ஸ்வெட்டர் மேல் புடவை, அதன் மேல் சால்வை என்று எல்லோரும் இரண்டு சுற்றுப் பெருத்திருந்தார்கள். கீர்த்தனைகளை இவர்கள் நம்மைவிட நிதானமாக, இழுத்துப் பாடுகிறார்கள். ஆர்மோனியக்காரர் மட்டும் அவசரப்பட்டார்.

ஆயர் உபாகமம் 26 எடுத்தார். முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன், தன் முன்னோர் நாடோடியாக எகிப்துக்குப் போன கதையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிறகு ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடும் தன் ஊரில் இருக்கிற அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்படவேண்டும். தோட்டத்து ஜனங்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. சபையில் பாதிப்பேர் வீட்டில் அப்படி ஒரு கதை இருக்கிறது. பிரசங்கம் நீளம்தான். நாற்பது நிமிடத்தில் பத்தைக் குறைத்திருக்கலாம். (டீச்சரின் மாணவர் என்பதால் பெரியம்மா வாயைத் திறக்கவில்லை.)

ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் 700 ரூபாய்க்குப் போனது. ஒரு குழந்தை கொண்டுவந்த நாலு முட்டை 400. பணம் சபையின் தர்ம நிதிக்கு என்பதால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பெரியம்மா ஒரு முட்டைக்கோஸுக்காக ஒரு லாரி உரிமையாளரோடு மல்லுக்கட்டி 450-க்கு எடுத்தார். மார்க்கெட்டில் அது முப்பது ரூபாய்கூடப் பெறாது. அதை நான்தான் சுமந்தேன், ஊர் வரைக்கும்.

கடைசி பெஞ்சில் ஆறேழு இளைஞர்கள். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். பாட்டு ஒன்றும் புரியாமல் ராகத்தை மட்டும் முனகிக்கொண்டிருந்தார்கள். ஏலத்தில் அவர்களில் ஒருவன் மட்டும் ஒரு கட்டு முள்ளங்கிக்கு 50 என்றான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எல்லாப் பொருளுக்கும் எகிறிக் கேட்டவர்கள் அந்த முள்ளங்கிக்கு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏலம் விட்டவர் மூன்று தரம் சொல்லி உடனே முடித்துவிட்டார். இதை யாரும் சொல்லிவைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பையன் பெரியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். இவருக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் 'சாப்பாடு', 'லீவு', 'மேஸ்திரி' அளவில். நோட்டைக் காட்டி, கையைக் கூப்பி, மேலே காட்டி, அவன் நெஞ்சைக் காட்டி ஒருவழியாகப் புரியவைத்தார். அவன் சாம்பார்க் கையைக் கழுவிவிட்டு வந்து பேனாவை வாங்கினான். நாற்காலியில் நோட்டை வைத்து மண்டியிட்டு, இந்தியில் இரண்டு வரி எழுதினான். பெயரை இரண்டு முறை சொல்லவும் செய்தான். பக்கத்தில் மைக்செட் அலறியதில் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது வரி என்ன காரியம் என்று தெரியவே தெரியாது.

"எப்படிப் பெரியம்மா வாசிப்பீங்க?"

"நான் எதுக்கு வாசிக்கணும்? காட்டுனாப் போதும்."

அக்டோபர் 21, திங்கள்: கேத்தி, ஊட்டி

கேத்திப் பள்ளத்தாக்கை மேலே ரோட்டிலிருந்தே பார்த்தோம். மேகம் விலகும்போது அடுக்கு அடுக்காகக் காய்கறித் தோட்டங்கள், சிவப்பு ஓட்டு ஹட்டிகள், அதாவது படுகர் ஊர்கள். மறுபடி மூடிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் 1846-இல் இங்கே வந்தார்கள். ஓய்வு பெற்ற ஆங்கிலேய அதிகாரி காசமேஜர் கொடுத்த இடம். அந்த மிஷனரிகளில் மெட்ஸ் என்பவர் ஹட்டி ஹட்டியாக நடந்தே சுற்றியவர். படுகர்களிடையே முதல் ஞானஸ்நானம் 1858-இல். பன்னிரண்டு வருஷம்! வருஷா வருஷம் தலைமையகத்துக்கு என்னவென்று அறிக்கை எழுதியிருப்பார்கள் என்று அலுவலகத்தில் மாதக் கடைசி ரிப்போர்ட் தட்டும் எனக்கு யோசனை ஓடியது. பெரியம்மாவிடம் சொன்னேன். "ஆளு பேரு தெரியாமலா பன்னெண்டு வருஷம் நடந்திருப்பாவ?" என்றார்.

வேறு ஒன்றும் இல்லை அன்று. ஊட்டியில் நல்ல குளிர். அறை சுவரில் ஈரம். இரவு எட்டு மணிக்கு ரசம் சாதம் கேட்டால் கோபி மஞ்சூரியன்தான் இருக்கிறது என்றார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்: ஊட்டி, காந்தல், இறக்கம்

புனித ஸ்தேவான் ஆலயம் வெயிலில் மஞ்சள் வெளுப்பாக நின்றது. 1829-இல் அஸ்திவாரம் போட்டு, 1831 ஈஸ்டர் அன்று திறந்த ஆலயம். உள்ளே தாங்கி நிற்கும் பெரிய மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. ஜெயித்தவர்கள் தோற்றவன் வீட்டு உத்தரத்தை எடுத்துக் கோயில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அங்கே ஜெபம் ஓடவில்லை. பின்னால் மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் பெரியம்மா வெகு நேரம் இருந்தார். ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகளும் அங்கேதான். அதைவிடக் குழந்தைகளின் கல்லறைகள். பாசி படிந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். இவர்களையும் எழுதப்போகிறீர்களா என்றேன். "இவிய ஏற்கனவே அங்க இருக்காவளே" என்றுவிட்டார்.

டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா, பிறகு தன்னோடு திருநெல்வேலிக்கு ஊழியத்துக்குக் கூட்டிப்போன மிஷனரி வாக்கர் ஐயரைச் சந்தித்தது இந்த ஊட்டியில்தான். பெரியம்மாவுக்கு அது பெருமை. அந்த அம்மா 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். "முட்டு வலிக்குன்னு நான் சொல்லக்கூடாதுல்லா" என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்து முட்டைத் தேய்த்தார்.

காந்தல் குருசடிக்கு ஆட்டோ. கிறிஸ்துவைச் சுமந்த சிலுவையின் சிறு துண்டு என்று நம்பி அதை அருளிக்கமாக, அதாவது புனிதப் பொருளாக வைத்து வணங்கும் கத்தோலிக்கத் திருத்தலம். பெரியம்மா சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை. அதுவும் மூன்று தலைமுறை. சுரூபம், மெழுகுவத்தி என்றால் முகம் கொஞ்சம் சுருங்கும். வெளியே நிற்பார் என்று நினைத்தேன். உள்ளே போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்துவிட்டார். பக்கத்தில் ஒரு பெண் விண்ணப்பச் சீட்டு எழுதப் பேனா இல்லாமல் தவித்தார். பெரியம்மா பேனாவைக் கொடுத்தார். அந்தப் பெண் எழுதி முடிக்கும்வரை கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பேனா திரும்பி வந்ததும் பெயர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. வெளியே வந்து காரணம் சொன்னார். "அவ நேரா சொல்லிட்டா. நான் எதுக்கு இடையில?"

நான் உள்ளே என் வேலை விஷயத்தை எடுக்கவே இல்லை. எடுக்கக்கூடாது என்று இல்லை. தாள் காயவைத்தபோது பார்த்த 'வாரம் இரண்டு முறை', 'வீட்டு ஓனர்', குடைக்காரத் தம்பி, திருப்பூர் மகன், இப்படி ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. மணி பார்த்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. தூக்கம் வரவில்லை.

மேட்டுப்பாளையம் இறங்கியதும் ஸ்வெட்டருக்குள் வேர்த்தது. கோவையிலிருந்து மதுரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பெரியம்மா, நடுவில் முட்டைக்கோஸ், இந்தப் பக்கம் நான். பல்லடம் தாண்டியபின் மனதுக்குள் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஓடியது. முள்ளங்கி ஏலம் எடுத்த பையனிடம் வந்து நின்றுவிட்டேன். பெயர் நுனிநாக்கில் இருக்கிறது, வரவில்லை. பெரியம்மாவை எழுப்பிக் கேட்டேன்.

"எனக்கும் மறந்து போச்சுட்டி" என்றார். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து, என் மடியில் வைத்துவிட்டு மறுபடி தூங்கிப்போனார்.